பொத்தான் வடகம்

தனியாக இருப்பதில் வட மாகாணத்திலேயே வாகீசனை வெல்ல ஆள் கிடையாது. இதை வாகீசனே பலமுறை சொல்லியிருக்கிறான். யாரும் மறுத்ததில்லை. அவன் அதைச் சொல்லும்போது பக்கத்தில் யாரும் இருந்ததில்லை.

அவனுக்குப் பத்து வயது. வீடு பருத்தித்துறையில். அம்மா குணலட்சுமி நெல்லியடியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறார். காலை எட்டு மணி பஸ்ஸில் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவார். அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. போனால் ஒன்பது மாதத்துக்கு வரமாட்டார். சித்திரை விடுமுறை என்பதால் பள்ளிக்கூடமும் இல்லை.

ஆகவே வாகீசனுக்குப் பயிற்சி நிறைய.

அம்மாவுக்கு அந்தத் திறமை போதாது என்பது அவன் எண்ணம். கப்பல் நடுக்கடலில் போகும்போது அப்பாவின் தொலைபேசிக்கு எதுவும் போய்ச் சேராது. அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரேயொரு சரி அடையாளம் விழும். போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது சரி விழும். அதற்குச் சிலவேளை இரண்டு கிழமை ஆகும். ஆனாலும் அம்மா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, முகம் கழுவி, குசினி வாசலில் இருந்துகொண்டு தொலைபேசிக்குள் கதைத்துக் குரல் செய்தியாக அனுப்புவார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு முருங்கைக்காய்க் கறி வைச்சனான். பஸ்ஸிலை சரியான சனம். முன்வீட்டுக்காரர் கிணத்துக்கு மோட்டர் பூட்டீட்டினம்."

வாகீசனுக்குச் சிரிப்பு வரும்.

"அம்மா, நீங்கள் ஒற்றைச் சரியோடை கதைக்கிறியள். அங்கை ஆரும் இல்லை."

"இருந்திட்டுப் போகட்டும்."

"சுவரோடை கதைச்சாலும் உதுதான்."

"சுவர் உன்ரை அப்பா இல்லையே" என்பார் அம்மா. பிறகு முருங்கைக்காயின் விலையையும் கப்பலுக்குச் சொல்வார்.

கதைப்பதென்றால் எதிரில் ஆள் இருக்க வேண்டும், தான் ஒருநாளும் இப்படிச் செய்யப்போவதில்லை என்று வாகீசன் அறிவித்திருந்தான்.

அந்தக் கிழமை ஒரு முக்கியமான விசயம் இருந்தது. வெள்ளிக்கிழமை அப்பாவின் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிறது. எட்டு மணித்தியாலம்தான் நிற்கும். அப்பாவால் வீட்டுக்கு வரமுடியாது. ஆனால் வீட்டிலிருந்து ஒரு பார்சல் கப்பலுக்குப் போகலாம். கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டும் செந்தூரன் அண்ணை, வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து அதை வாங்கிப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேப்பம்பூ வடகம்.

காரணம், கப்பல் சமையல்காரர். அவர் மீன் குழம்புக்கும் சீனி போடுகிறவர். மாதக்கணக்காக இனிப்பாகச் சாப்பிடுகிற மனிதர் ஒரு கசப்புக்காக ஏங்குவது நியாயம்தானே.

போன வருடமும் அனுப்பினார்கள். ஆனால் வடகம் சரியாகக் காயவில்லை. ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. "கடலிலை கொட்டீட்டன்" என்று அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு வாகீசனுக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிய அம்மா உழுந்தை அரைத்தார். அதில் வேப்பம்பூ, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், சீரகம், உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்தார். வடை போலத் தட்டி, முற்றத்தில் விரித்த இரண்டு ஓலைப்பாய்களில் வரிசையாக வைத்தார். எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடும்போது கையில் இன்னும் மாவு இருந்தது.

"பதினொரு மணிக்கு ஒருக்காப் பிரட்டு. மூண்டு மணிக்கு ஒருக்காப் பிரட்டு. மழை இருட்டினால் உள்ளுக்கு எடு. காகம் பார்."

"நான் பாத்துக்கொள்ளுவன், அம்மா."

"ஈரம் இருந்தால் அப்பா இந்த முறையும் கொட்டத்தான் வேணும், தம்பி."

வாகீசன் காவலைத் தொடங்கினான். பழைய கறுப்புக் குடையின் துணியைக் கிழித்து, செத்த காகம் போலச் சுருட்டி, ஒரு தடியில் கட்டித் தொங்கவிட்டான். உண்மைக் காகங்கள் இரண்டு நாளும் வேலியில் இருந்து அதைப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. பயத்தினால் என்று வாகீசன் முடிவு செய்தான். கசப்புப் பிடிக்காததாலும் இருக்கலாம். அதைக் காகங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மத்தியானம்தான் கொஞ்சம் சிரமம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒழுங்கையில் சைக்கிள் மணிகூடக் கேட்காது. குசினியில் அம்மா மூடிவைத்த சோறு இருக்கும். குளிர்சாதனப் பெட்டி கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அதுவும் சும்மா இருந்துவிடும். வாகீசன் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, வடகங்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான்.

காவலுக்காகத்தான்.

புதன்கிழமை ஒரு பாயில் எறும்பு வந்தது. வாகீசன் யோசித்தான். வேம்பின் கசப்புக்கு எறும்பு வராது என்று எங்கேயோ படித்திருந்தான். உடனே நிறைய வேப்பங்கொப்பு முறித்து வந்து, அந்தப் பாயைச் சுற்றிக் கோட்டை போல அடுக்கினான். எறும்பு போய்விட்டது. தன் அறிவைத் தானே பாராட்டிக்கொண்டு சாப்பிட்டான். கை கழுவ உள்ளே போனான்.

உள்ளே மேசையில் வீட்டுப் பாவனைக்கான பழைய தொலைபேசி கிடந்தது. அதில் அப்பாவின் கப்பல் படம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் கப்பலின் சின்னச் சின்ன யன்னல்கள் தெரியும். அதில் எந்த யன்னல் அப்பாவுடையது என்று வாகீசன் தேடினான். கொஞ்சம் கூடுதலான நேரம் தேடிவிட்டான்.

வெளியே வந்தபோது பாயில் ஒரு ஆடு நின்றது.

அது பக்கத்து வளவு கீர்த்திகாவின் ஆடு. பெயர் சீமாட்டி. வேலி ஓலை இற்றுப்போய் ஓட்டையாகிக் கிடந்த பொட்டுக்குள்ளால் வந்திருக்கிறது. வேப்பங்கொப்பை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, அதற்குள் இருந்த வடகத்தையும் முடித்து, கடைசி ஒன்றை மெதுவாக மென்றுகொண்டிருந்தது. இரண்டாவது பாய் தப்பியிருந்தது. முதலாவது பாயில் சில துண்டுகளும் நாலு குளம்படியும்தான் மிச்சம்.

"கீர்த்திகா" என்று வாகீசன் வேலியடியில் நின்று கூப்பிட்டான். தவணைப் பரீட்சையில் அவள் அவனைவிட இரண்டு புள்ளி கூட எடுத்த நாளிலிருந்து அவன் அவளோடு கதைப்பதில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். பொட்டுக்குள்ளால் அவள் தலை தெரிந்தது.

"உன்ரை ஆடு எங்கடை வடகத்தைத் திண்டிட்டுது."

கீர்த்திகா பாயைப் பார்த்தாள். மிச்சமிருந்த ஒரு கொப்பைப் பார்த்தாள்.

"உந்த வேப்பங்குழையை ஆர் சுத்தி வைச்சது?"

"நான்தான். எறும்புக்கு."

"ஆடு விரும்பித் தின்னுறது வேப்பங்குழைதான் எண்டு உனக்குத் தெரியாதோ? நீ எங்கடை சீமாட்டிக்கு இலை போட்டுச் சாப்பாடு வைச்சிருக்கிறாய். கூப்பிட்ட வீட்டுக்கு அது வந்திருக்கு."

வாகீசன் அந்தப் பாயின் ஓரத்தில் இருந்துவிட்டான்.

"அது அப்பாவுக்கு" என்றான். "நாளைக்கு நாலு மணிக்கு லொறி."

கீர்த்திகாவின் முகம் மாறியது. அவள் பொட்டுக்குள்ளால் முழுதாக இந்தப் பக்கம் வந்தாள்.

"நான்தான் கயித்தை அவிட்டு விட்டனான்" என்றாள் மெதுவாக. "பாவமாக் கிடந்தது. எங்கடை அப்பாவுக்குத் தெரிஞ்சால் சீமாட்டியை வித்துப்போடுவார். போன மாசமே சொன்னவர்."

வாகீசன் ஆட்டைப் பார்த்தான். அது அவனை மரியாதையோடு பார்த்தது. இவ்வளவு நல்ல விருந்து வைத்தவன் அல்லவா.

"நான் சொல்லமாட்டன்" என்றான். "குழை வைச்சது நான்தானே."

பிறகு யோசித்தான். அம்மா மிச்ச உழுந்து மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார். வேப்பம்பூ கீர்த்திகா வீட்டு மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது. எல்லாம் இருக்கிறது. வெயில் மட்டும்தான் இல்லை. அம்மா தட்டும் வடகத்துக்கு மூன்று வெயில் வேண்டும். இருப்பதோ இன்றைக்குப் பாதி, நாளைக்கு ஒன்று.

"காயாது" என்றாள் கீர்த்திகா.

வாகீசன் கொடியைப் பார்த்தான். அம்மா காலையில் தோய்த்துப் போட்ட துவாய் இன்னும் ஈரமாகவே கிடந்தது. பக்கத்தில் அவன் சட்டைப் பையில் வைக்கும் சின்னக் கைலேஞ்சி காய்ந்து காற்றில் ஆடியது. இரண்டையும் ஒரே நேரத்தில்தான் போட்டார்கள்.

"சின்னனாத் தட்டினால்?" என்றான்.

"எவ்வளவு சின்னன்?"

வாகீசன் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினான்.

கீர்த்திகா சீமாட்டியைக் கொண்டுபோய்க் கட்டினாள். மரத்தின் கீழ் துணி விரித்து, கொப்பை உலுப்பிப் பூ எடுத்து வந்தாள். வாகீசன் வெங்காயம் உரித்தான். கண்ணால் தண்ணீர் வந்தது. வெங்காயத்தினால்தான் என்று அவன் கீர்த்திகாவிடம் சொன்னான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் இரண்டாவது தடவையும் சொன்னான்.

விரல் நுனியால் மெல்லியதாகத் தட்டி, வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டே போனார்கள்.

"உன்ரை அப்பா எப்ப வருவார்?" என்று கீர்த்திகா கேட்டாள்.

"கார்த்திகையிலை."

"தனிய இருக்கப் பயமில்லையோ?"

"எனக்கோ? நான் தனிய இருக்கிறதிலை..." என்று தொடங்கினான் வாகீசன். ஏனோ அந்தப் பேச்சை அவன் முடிக்கவில்லை. மூன்று மணிக்குக் கீர்த்திகாவைத் தனியார் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனதும் முற்றம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

அம்மா வந்தபோது வாகீசன் துணியைக் காட்டினான்.

"உது என்ன, பொத்தானோ?"

"வடகம். பாதி பழுதாப் போச்சு, அம்மா. நான் எறும்புக்கு வேப்பங்குழை வைச்சன். பிழை என்னிலைதான். உது சின்னன், கெதியாக் காயும்."

அம்மா முற்றத்து மண்ணைப் பார்த்தார். அங்கே குளம்படி இருந்தது. வேலிப் பொட்டையும் பார்த்தார். பிறகு, "ஒரு ஓலைக் கிடுகு எடுத்து உந்தப் பொட்டை அடைச்சுவிடு" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை முழுவதும் வாகீசன் அந்தத் துணியை விட்டு நகரவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிரட்டினான். கடைசி வரிசைக்கு வரும்போது முதல் வரிசை மறுபடியும் பிரட்டுவதற்கு வந்திருந்தது. மூன்றரைக்கு அவற்றை அள்ளி ஒரு தகரப் பேணியில் போட்டுக் குலுக்கினான்.

ஈர வடகம் சத்தம் போடாது. காய்ந்த வடகம் கூழாங்கல் போலக் கலகலக்கும்.

பேணி கலகலத்தது.

தப்பிய பாயின் வடகத்தோடு பேணியையும் சேர்த்துப் பார்சல் கட்டி முடிக்க, நாலு மணிக்குச் செந்தூரன் அண்ணை லொறி நிற்கும் சந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். பார்சலைக் காதோடு வைத்து ஆட்டினார்.

"என்னடாப்பா, உள்ளுக்குக் காசோ?"

"வடகம், அண்ணை. கவனமாக் கொண்டுபோங்கோ."

"ஓம், ஓம். குழந்தைப் பிள்ளை மாதிரிக் கொண்டுபோறன்."

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பா அழைத்தார். முதலில் அம்மா கதைத்தார். பிறகு தொலைபேசியை வாகீசனிடம் தந்தார். அப்பா எதையோ கடிக்கும் சத்தம் கேட்டது. நொறுக், நொறுக்.

"பொரிச்சுச் சோத்தோடை சாப்பிடுறன்" என்றார் அப்பா. "நல்லாக் காஞ்சிருக்கு. நல்ல கைப்பு. உந்தச் சின்னன் ஆர் தட்டினது?"

"நான்."

"எட, நீயோ? சமையல்காரருக்கும் ஒண்டு குடுத்தனான். மனுசன் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போய் சீனி திண்டது. நீ சாப்பிட்டியோ?"

"ஓம்."

"விடுமுறை எப்பிடிப் போகுது?"

"நல்லாப் போகுது."

"வேறை என்ன?"

"ஒண்டுமில்லை."

அப்பாவைப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "கப்பல் வெளிக்கிடப் போகுது, அப்பன். வைக்கட்டே?"

"ஓம்" என்றான் வாகீசன்.

சனிக்கிழமை அம்மா எட்டு மணி பஸ்ஸில் போனார். வாகீசன் பாய்களைத் தட்டிச் சுருட்டி வைத்தான். காவல் காக்க ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானம் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல முற்றத்துக்கு வந்தான். வந்த பிறகுதான் அங்கே வெறும் மண் என்பது ஞாபகம் வந்தது.

உள்ளே போய்ப் பழைய தொலைபேசியை எடுத்து வந்தான். ஒழுங்கையை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. குசினி வாசலில் இருந்தான்.

"அப்பா" என்றான், மிக மெதுவாக. "நேற்றுச் சொல்ல மறந்துபோனன். வடகத்திலை பாதியை ஆடு திண்டிட்டுது. அதுக்குப் பேர் சீமாட்டி. நான்தான் அதுக்குக் குழை வைச்சுக் கூப்பிட்ட மாதிரி. நீங்கள் ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பேந்து கைலேஞ்சியைப் பாத்துத்தான் சின்னனாத் தட்டினது..."

அனுப்பினான். செய்திக்குப் பக்கத்தில் ஒரு சரி விழுந்தது.

அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சோற்றுத் தட்டை மடியில் வைத்து, மூடியைத் திறந்து, தொலைபேசியை மறுபடியும் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அப்பா, இண்டைக்குக் கத்தரிக்காய்."