பிள்ளைக்காம்பராவில் ஒரு பேஸ் பெட்டி

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தபோது ஸ்பீக்கர் கூட வரவில்லை. தோட்ட ஆபீசில் புதுசு வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டிவிட்டார்கள். "பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுங்க மீனம்மா" என்றார் பெரிய கிளாக்கர். படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஊமைப் பாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பால்குடிப் பிள்ளை உள்ளவள் இடையில் ஓடி வருவாள். மழைக்கும் செடிக்கும் காப்பாக இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை அவிழ்க்கக்கூட நேரமிருக்காது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, மறுபடியும் மலைக்கு ஓடுவாள்.

டவுனில் ரேடியோ, டீவி திருத்தும் அஃப்ஹம் தம்பியைக் கூப்பிட்டேன். வேனில் ஒரு மூட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினான்.

"கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் எல்லாம் விளையாட்டுச் சாமான் அக்கா. இது ஹோம் தியேட்டர் பொக்ஸ். செட்டு கருகிட்டு, பொக்ஸ் எல்லாம் புதுசு மாதிரி ஈக்குது. சின்ன எம்ப்ளிபையர் ஒண்டு போட்டுத் தாரேன்."

திரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டிப் பெட்டி வைத்தான். பின்சுவரில், தொட்டில்களுக்கு மேலே இரண்டு அடித்தான்.

"பின்னுக்கு ஈக்கிறது ரெண்டும் பேசாது அக்கா. இந்தக் கம்ப்யூட்டர்ல அதுக்குச் சத்தம் வராது. சும்மா அழகுக்குக் கெடக்கட்டும்."

தரையில் மூலையோரமாகப் பெரிய பேஸ் பெட்டியை வைத்தான். கறுப்பு மரப்பெட்டி, முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட ஓட்டை. பாட்டுப் போட்டதும் தரை அதிர்ந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. எனக்கும் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்வானேன்.

சில நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். பாட்டை நிறுத்தினாலும் அந்தப் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. அஃப்ஹமுக்குப் போன் போட்டேன். வயர் லூசாக இருக்கும், வந்து பார்க்கிறேன் என்றான். வரவில்லை. அந்த முனகலில் பிள்ளைகள் நன்றாகத் தூங்கின. நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜீவராணியின் மகன் திலக்ஷன் மட்டும் தூங்க மாட்டான். தவழப் பழகிய பிள்ளை. இறக்கிவிட்டால் போதும், நேரே அந்தப் பெட்டிக்குத்தான் போவான்.

அந்த வாரம்தான் அவன் தாய்ப்பாலை மறுத்தான்.

ஜீவராணி நெஞ்சோடு அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், பிள்ளை வாயைத் திறக்கவேயில்லை. ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அது. பால் கட்டி நெஞ்சு கல்லாகிப்போக, பின்பக்கத் தண்ணிக் கானோரம் நின்று பிழிந்து ஊற்றிவிட்டு அழுவாள்.

"பால்மா கரைச்சுக் குடுக்கிறீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். "மறைக்காமச் சொல்லுங்க. என் பிள்ளை என்னைய மறந்துட்டான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அடி போடி இவளே! ஊரான் பிள்ளைக்குத் திருட்டுத்தனமாப் பால் குடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அப்ப எப்படிக்கா இவன் எளைக்கல?"

மருத்துவமாது நிறுத்துப் பார்த்தார், எடை கூடியிருந்தது. கன்னம் இரண்டும் பளபளவென்று உப்பியிருந்தன.

மறுநாள் மழை. பகலிலேயே பனிமூட்டம் ஜன்னலை அடைத்துவிட்டது. கரண்டும் போய்விட்டது. நான் குசினியில் விறகடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே 'ம்ம்ம்' என்று கேட்டது.

கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்துச் சுவிட்சைத் தட்டினேன். பல்ப் எரியவில்லை.

முனகல் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. அதில் ஒரு மெட்டு இருந்தது. மூச்சு வாங்குவதற்கு ஓர் இடைவெளியும் இருந்தது.

அகப்பையோடு உள்ளே போனேன். தொட்டில் பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. மூலையில் திலக்ஷன் குப்புறப் படுத்திருந்தான். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தான். முகம் ஓட்டையில் பதிந்திருந்தது.

மடக்... மடக்...

விழுங்குகிற சத்தம்.

"அய்யோ, என் சாமி!" என்று பாய்ந்து அவனைத் தூக்கினேன். உடனே வரவில்லை. இழுக்க வேண்டியிருந்தது. வாய் விடுபட்டபோது 'சப்'பென்று சத்தம் கேட்டது. கடைவாயில் பால் வழிந்தது. தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

அறை முழுக்கப் பச்சைப் பால் வாசம். அதற்கடியில் ஈர மண் வாசம். முனகல் நின்றுபோனது. என் தலைக்கு மேலே, பேசாது என்று அஃப்ஹம் சொன்ன பெட்டியிலிருந்து, ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளையத் தாங்க."

பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கிருந்தே அஃப்ஹமுக்குப் போன் போட்டு, வாயில் வந்தபடி திட்டினேன்.

"எந்த வீட்டுச் சாமான்டா இது?"

தயங்கித் தயங்கிச் சொன்னான். "பூண்டுலோயாப் பக்கம் ஒரு லயத்து வீட்டுல எடுத்தது அக்கா. மலைல மண் சரிஞ்சு அந்த வீட்டுப் பொம்பள போய்ட்டா. பிள்ளைக்குப் பால் குடுக்க எறங்கி வர்ற நேரமாம். பொறகு அந்தக் கைப்பிள்ளையும் தங்கல்ல. புருஷன்காரன் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போங்க எண்டுட்டார். நான் இப்படியெல்லாம் நெனைக்கவே இல்ல அக்கா, அல்லாஹ் மேல ஆணை."

அன்றே வந்து எல்லா வயரையும் பிடுங்கினான். பேஸ் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினான். உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு ஊறிப்போய், பிழிந்தால் ஒழுகும் பதத்தில் இருந்தது. அஃப்ஹம் அதை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். பெட்டி அத்தனையையும் பின்பக்கம் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். ஈரத்தில் புகைந்து புகைந்துதான் எரிந்தது. சேதி கேட்டு மலையிலிருந்து ஓடிவந்த ஜீவராணி, சாம்பலாகும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிள்ளை அவள் தோளில் வீறிட்டு அழுதுகொண்டேயிருந்தான்.

சாயங்காலம் அழுது களைத்து, அவனாகவே தாயின் நெஞ்சைத் தேடினான். ஜீவராணி குடிக்கக் கொடுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணீர் தாடை வழியாகப் பிள்ளையின் தலையில் சொட்டியது.

"குடிக்கிறான்க்கா! என் தங்கம் குடிக்கிறான்க்கா!"

நானும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பயம் இல்லை. கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு, வாயாலேயே பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஜீவராணியும் நேரத்துக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்றைக்குக் காலையும் பனிமூட்டம்தான். நான் குசினியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது திலக்ஷன் சிணுங்கினான். கையை உதறிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஜீவராணி வந்துவிட்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படங்கிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியிருந்தது. பிள்ளையின் குட்டிக் கால் அவள் முழங்கைக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, இப்படியா நனைஞ்சுக்கிட்டு வருவ? பிள்ளைக்குச் சளி பிடிக்காதா?"

"ம்" என்றாள்.

"மகன் நல்லாக் குடிக்கிறானா?"

"ம்."

பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லாதவள் இன்று என்ன ஊமையாகிவிட்டாள் என்று நினைத்தபடி, கழுவிய தண்ணீரை ஊற்ற வாசலுக்குப் போனேன். பனிமூட்டத்துக்குள் யாரோ மூச்சிரைக்க ஓடி வரும் சத்தம் கேட்டது. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, ஜீவராணி என் முன்னால் வந்து நின்றாள்.

"கொழுந்து நிறுக்கப் பிந்திப்போச்சுக்கா" என்றாள். "பசியில ரொம்ப அழுதுட்டானா?"

வழியை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே, வயிறு நிறைந்த பிள்ளையைத் தோளில் போட்டு யாரோ மெதுவாக முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.