நடு இன்ஜின்

இன்ஜின் வேகம் காட்டும் மூன்று முட்களில் நடுவில் இருந்தது மட்டும் சற்றே இறங்கி, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறியது.

லயல் பாஸ்கோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். முள் மறுபடி இறங்கியது. திரையில் அவருடைய விமானம் மேகமே இல்லாத வானத்தில் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அறுபதுகளில் பறந்த பழைய ஜெட். வால் பக்கத்தில் மூன்று இன்ஜின்கள். பழைய விமானங்கள் மேல் வெறி பிடித்தவர்கள் சிலர் ஒவ்வொரு திருகையும் கணினிக்குள் வடித்து விற்றிருந்தார்கள். கணினியில் விமானம் ஓட்டும் தன் சிமுலேட்டரில் அதைச் சேர்த்த நாளிலிருந்து இப்படி ஒரு தடுமாற்றம் வந்ததில்லை.

வெளியே புரோக்கன் ஹில் ஊர் முழுக்கப் புழுதி. மத்தியானம் மேற்கிலிருந்து எழும்பிய செம்மண் சுவர் ஊர் மேல் கவிழ்ந்து, சாயங்காலத்துக்கு முன்பே வீட்டை இருட்டாக்கியிருந்தது. கதவிடுக்குகளில் ஈரத் துண்டுகளைத் திணித்திருந்தார். இருந்தும் பல்லில் மண் நறநறத்தது. தகரக் கூரை மேல் காற்று எதையோ தேடுவதுபோல் நெடுநேரம் தடவிக்கொண்டு போனது.

பின்வராந்தாவை அடைத்துக் கட்டிய இந்தச் சின்ன அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே ஒரு நடைவழி. இரண்டு கதவும் எப்போதும் திறந்திருக்கும். அந்தப் பக்கம் அவர் மனைவி நோரின் படுத்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே ஆக்ஸிஜன் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக அவளுடைய மூச்சு, ஈரமான சரளையில் எதையோ இழுத்துப் போகும் சத்தத்தோடு. உயிர் தூக்கத்தில்தான் போகும், மூச்சு சத்தமே இல்லாமல் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து லயல் எதைச் செய்தாலும் ஒரு காதை அந்த அறையிலேயே விட்டுவைத்திருந்தார்.

"யோவ் லயல், தூங்கிட்டியா?" என்றது காதில் மாட்டியிருந்த ஹெட்போன். நியூசிலாந்தின் கடைக்கோடியில், இன்வர்கார்கிலில் உட்கார்ந்திருக்கும் ஸ்டூ மெக்ஃபெயில். நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பழைய ஜெட் பைத்தியங்களின் இணையக் குழுவில் இருவரும் பல வருடச் சிநேகிதர்கள். லயலின் திரையை அவனும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடு இன்ஜினைப் பாரு. வேகம் நிக்க மாட்டேங்குது."

"உன்னோட பழைய த்ராட்டிலா இருக்கும். உள்ள மண்ணு போயிருக்கும்யா. உங்க ஊர்ல மனுசனுக்குள்ளயே மண்ணுதானே."

"நேத்துதான் கழட்டித் துடைச்சேன்." இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த நெம்புகோலை லயல் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு கருவியை ஒரே இன்ஜினுக்குக் கொடுத்திருப்ப. போன தடவை பிரேக் பெடலை இன்ஜினோட இணைச்சுட்டு ஒரு வாரம் ஒப்பாரி வச்சியே, ஞாபகம் இருக்கா?"

"வாயை மூடு."

"சரி, எப்பவும் போலத்தான். ஒவ்வொண்ணாப் பிடுங்கு. ஒண்ணைப் பிடுங்கு, பாரு. அப்புறம் அடுத்தது. அவசரப்பட்டு ரெண்டைத் தொட்டா எது காரணம்னு ஆயுசுக்கும் தெரியாது."

அதுதான் அவர்களுடைய ஒரே சட்டம். லயல் பெடல்களின் கேபிளைப் பிடுங்கினார். முள் இறங்கி ஏறியது. விமானத்தைத் திருப்பும் கைப்பிடியின் கேபிளைப் பிடுங்கினார். இறங்கி ஏறியது. கடைசியில் த்ராட்டிலையும் பிடுங்கிவிட்டு, விமானத்தை மவுசால் மட்டும் பிடித்துக்கொண்டார். எதோடும் சேராமல் தனியாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், இறங்கி, நின்று, ஏறியது.

"என்ன கண்றாவி இது?" என்றான் ஸ்டூ.

"லயல்." உள்ளேயிருந்து நோரின். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் காற்றைத் தேடினாள். "எங்கதான்... போயிட்டிருக்க?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினார். "ஹோபார்ட்டுக்கு."

"என்னை... ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கியா, கஞ்சப்பயலே?"

"நீதான் பிளேன்னா பயம்னு சொல்லுவ."

"உன்கூட வர்றதுன்னாத்தான்... பயம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அந்தக் கணமே விமானத்தின் வால் பக்கம் டொம்மென்று அதிர்ந்து திரை குலுங்கியது. நடு இன்ஜினின் முள் துடித்தது. அவள் மறுபடி இருமினாள். டொம். மூன்றாவது இருமல். டொம். பிறகு அவள் மெல்ல அடங்க, முள்ளும் மெல்ல அடங்கி, இறங்கி, நின்று, ஏறியது.

லயல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தற்செயல். அப்படித்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நடைவழியின் இருட்டுக்குக் காது கொடுத்தார். சரளையில் இழுபட்ட அந்த மூச்சு உள்ளே போனது. கண்ணைத் திறந்தார், முள் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு வெளியே வந்தது, முள் இறங்கியது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இப்போதெல்லாம் அவர் பயந்து பயந்து காத்திருக்கும் அந்த இடைவெளி வந்தது. முள் நின்றது. அவரும் நின்றார். பிறகு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன.

இதை ஸ்டூவிடம் எப்படிச் சொல்வது? கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று குழு முழுக்கப் பேசுவார்கள்.

"நோரின் தூங்குறா," என்று மட்டும் சொன்னார். "நாளைக்குப் பார்ப்போமா?"

"நாளைக்காவது மண்ணாவது! இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. அந்த இன்ஜினை அணை. அணைச்சும் முள் ஆடுனா மீட்டர் கோளாறு. ஒழுங்கா விழுந்தா இன்ஜின் கோளாறு. முடிஞ்சுது கதை. ரெண்டு இன்ஜின்ல அது ஜாலியாப் பறக்கும்."

"வேண்டாம் ஸ்டூ."

"பயமாய்யா? அது வெறும் படம்யா."

வெறும் படம். ஆமாம். அதை நிரூபித்துவிட்டால் இந்த அசிங்கமான எண்ணம் போய்விடும். அவர் நடு இன்ஜினின் எரிபொருள் நெம்புகோலின் மேல் மவுசை வைத்தார். விரல் அழுத்தியது.

முள் விழுந்தது. எங்கும் தயங்காமல், வழவழவென்று.

உள்ளே ஆக்ஸிஜன் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. கூரை மேல் காற்று. அவ்வளவுதான். வேறு சத்தம் இல்லை.

"ஒழுங்காத்தான் விழுது," என்றான் ஸ்டூ. "அப்போ மீட்டர் இல்ல."

"நோரின்?"

காதை நடைவழிப் பக்கம் திருப்பினார்.

"நோரின்!"

ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஓடி அவளைத் தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பாதி எழுந்தும்விட்டார். ஆனால் கண் முள்ளைவிட்டு வரவில்லை. அவள் மூச்சு கட்டிலில் இல்லை, அந்த இன்ஜினில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. உடம்பு மொத்தத்துக்கும் தெரிந்தது. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

மூக்கைத் தாழ்த்தினார். விமானம் கடலை நோக்கிச் சரிந்தது. அணைந்த இன்ஜினைக் காற்றே சுற்ற வைக்க வேண்டும், அதற்கு வேகம் வேண்டும். பற்றவைப்பானைப் போட்டார். டிக். டிக். டிக்.

"என்னய்யா பண்ற? ஏன் இப்படி விழுற?"

முள் நகர்ந்தது. மயிரிழை. போதாது. இப்போதே எரிபொருளைத் திறந்தால் இன்ஜின் பற்றாது, வெந்துபோகும். காத்திருக்க வேண்டும். அவள் மூச்சில்லாமல் கிடக்கிறாள், காத்திருக்க வேண்டும். கடல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. டிக். டிக். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம், நோரின்.

திறந்தார்.

எங்கோ ஆழத்தில் தீ பற்றும் உறுமல். வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, நடுங்கி, இறங்கியது. வேக முள் ஏறியது. ஏறி நின்றது. விமானத்தை நிமிர்த்தித் தானாகப் பறக்க விட்டார்.

"அடேயப்பா," என்றான் ஸ்டூ. "பாத்தியா? ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இறங்கவே இல்ல. சரியாப்போச்சுய்யா!"

முள் அசையவில்லை. இறங்கவில்லை, தயங்கவில்லை. வரைந்து வைத்ததுபோல் நின்றது. அவர் ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் போட்டார்.

நடைவழியில் மூச்சுச் சத்தம் கேட்டது. இருக்கிறாள். எழுந்துபோய் நடைவழிச் சுவரில் சாய்ந்து அழுதார். சரளை இல்லாத, சுத்தமான, ஆழமான மூச்சு; கல்யாணமான புதிதில் அவள் தூங்கும்போது விட்டது போன்றது. உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது வெளியே வருவதற்காகக் காத்தார்.

இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு அடி வைத்தார். இன்னொன்று. மூச்சு முடியவில்லை; ஓடும் ஜெட் இன்ஜின் காற்றை உறிஞ்சுவது போல ஒரே சீராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. முதுகுப் பக்கமிருந்து ஒரு மெல்லிய காற்று அவரைத் தாண்டி அந்த அறைக்குள் போயிற்று. சட்டை முன்பக்கம் படபடத்தது. மண்ணெண்ணெய் வாடை, ஜெட் எரிபொருளின் வாடை.

வாசலில் நின்றார்.

நோரின் மல்லாந்து கிடந்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. மார்பு எழவும் இல்லை, தாழவும் இல்லை. மூக்குக் குழாய் உள்பக்கமாக ஒட்டிச் சப்பையாகியிருந்தது. மூடிய ஜன்னலின் திரைச்சீலை கட்டில் பக்கமாக நீண்டு, கம்பி போல் விறைத்து நின்றது. முடியெல்லாம் முன்னால் விழுந்து வாயோரம் சேர்ந்திருந்தது.

கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவை அவரைப் பார்த்தன. பிறகு பின்வராந்தாவின் பக்கம் திரும்பின. பிறகு அவரை. பிறகு அந்தப் பக்கம்.

அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது.

"முடியாது," என்றார். "நோரின், மறுபடி அதை அணைக்க என்னால முடியாது."

சொன்ன சொல் உதட்டைவிட்டு அவளை நோக்கிப் போனது. அதோடு அவர் நெஞ்சிலிருந்த காற்றும் போனது. திரும்ப இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கதவு நிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். செருப்பு மரத்தரையில் மெல்ல, மெல்லக் கட்டில் பக்கமாக வழுக்கியது.

தலைமாட்டில் இருந்த டிஷ்யூ பெட்டியிலிருந்து ஒரு தாள் தானாக எழுந்து நின்றது. சாய்ந்தது. அவள் வாய்க்குள் போனது. அதன் பின்னால் அடுத்தது எழுந்தது.