இல்லாத மசக்கை

"என் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குடுங்க அத்தை!"

அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று ஜெகதாம்பாள் மருமகளுக்குச் சொல்லி மூன்று மாதமாகிறது. இன்று எடுத்துவிட்டாள் தமிழ்மொழி. அதுவும் நாத்தனார் மஞ்சுவைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும் காலையில்!

"மெதுவா பேசுடி! வர்றவங்க காதுல வுழுந்தா என் பொண்ணு வாழ்க்கை என்னாவுறது?"

"வலது பக்கம் உயிர் போற வலி அத்தை. ரெண்டு தரம் வாந்தி..."

"மாசமா இருந்தா வாந்தி வராதா?" கூசாமல் கேட்டாள் ஜெகதாம்பாள்.

சினைப்பையில் நீர்க்கட்டி, ஐந்து சென்டிமீட்டர். அரியலூர் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் தானே சுருங்கிவிடும், மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். ஆனால் திடீர் வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே ஓடி வா.

தமிழ்மொழிக்கு இன்னும் குழந்தை இல்லாததைக் காட்டி, 'அந்த வூட்ல புள்ள தங்காது' என்று மஞ்சுவுக்கு ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. அதனால் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள் ஜெகதாம்பாள். மசக்கைக்காரிக்கென்று தெருவே மாங்காய் கொடுத்தது. மஞ்சுவுக்காக அத்தனையையும் சிரித்துக்கொண்டே வாங்கினாள் தமிழ்மொழி.

கணவன் அறிவரசன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தான். "சாயங்காலம் போவலாம் தமிழு. அவங்க வந்துட்டுப் போவட்டுமே..."

"இது மசக்கை இல்லீங்க, கட்டி. உங்க வயிறா இருந்தா சாயங்காலம் வரைக்கும் பொறுப்பீங்களா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். எப்போதும் அங்கேதான் பார்ப்பான்.

உள்ளறையிலிருந்து பாதி கட்டிய பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள் மஞ்சு. பெரம்பலூர் ஹாஸ்டலிலிருந்து நேற்றுதான் வந்தவள். "மாசமா இல்லியா அண்ணி? கட்டியா? இந்தப் பொய்யிலயா எனக்கு மாப்பிள்ள வருது!" அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜெகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா கர்ப்பப்பையை எடுத்துருவாங்கடி! முப்பது வயசுல கட்டின்னு போன எனக்கு, ஒரு வார்த்தை சொல்லாம எடுத்துப்புட்டாங்களே..."

தமிழ்மொழி ஒரு கணம் அவளைப் பார்த்தாள்.

"உங்களுக்குச் செஞ்சது அக்கிரமம் அத்தை. அதையே எனக்குச் செய்யாதீங்க! யாரும் கர்ப்பப்பையைத் தொடப் போறதில்ல. முறுக்கியிருந்தா பிரிச்சு வுட்டு, கட்டியை மட்டும் எடுப்பாங்க. இங்கயே கெடந்தாத்தான் சினைப்பையே போயிரும். ரிப்போர்ட்டை நீங்களே வச்சுக்குங்க, அங்க புதுசா எடுத்துக்குவாங்க. உங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே நூத்தியெட்டுக்கு ஃபோன் பண்ணிட்டேன்."

"நானும் வரேன் அண்ணி," என்றாள் மஞ்சு. "அம்மா, வர்றவங்களுக்கு நீயே காப்பி குடு!"

அறிவரசன் அவசரமாகச் செருப்பைத் தேடினான். மஞ்சுவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய தமிழ்மொழி, அவனுக்காக நிற்கவில்லை.