பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

சருகு மாதம் பதினேழாம் தேதியைப் பென்சிலால் அடிக்கப் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் எண் இல்லாத ஒரு கட்டம் இருந்தது. நேற்றுவரை அது அங்கே இல்லை. பேருந்தில் தாமதமாக ஏறியவருக்கு நகர்ந்து கொடுப்பதுபோல மற்ற கட்டங்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து அதற்கு இடம் விட்டிருந்தன. உள்ளே, அவள் கையால் வரைந்த எழுத்தில், ஒரே ஒரு சொல்: நாளை.

சருகு என்பது எந்த ஊரிலும் இல்லாத மாதம். ஓர் எழுத்தாளரின் மாயக்கதை வரிசைக்காக அவள் உருவாக்கிய காலண்டரில் அது எட்டாவது. அந்த உலகத்தில் நிலா கிடையாது, ஆறு மட்டும் உண்டு. ஆறு கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் பொருளை வைத்துத்தான் மாதங்களுக்குப் பெயர்: நுரை, வண்டல், மீன்முட்டை, சருகு. பதின்மூன்று மாதம், மாதத்துக்கு இருபத்தெட்டு நாள். பெருக்கினால் முந்நூற்று அறுபத்து நான்கு வரும். மிஞ்சிய ஒரு நாளை எந்த மாதத்திலும் சேர்க்காமல் கடைசித் தாளின் அடியில் தனியாக வைத்திருந்தாள். "ஒரு வருஷம் இதுலயே வாழ்ந்து பாருங்க மேடம், தப்பெல்லாம் அப்பதான் கண்ணுக்குத் தெரியும்" என்று எழுத்தாளர் சொல்லியிருந்தார். அதனால் மாதிரித் தாள்களை மேசைக்கு மேலே சுவரில் வரிசையாக ஒட்டி, தினமும் காலையில் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசித் தாளைப் பார்த்தாள். அடியில் வெறும் காகிதம்.

பக்கம் வடிவமைக்கும் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நான் அதத் தொடவே இல்ல. ஃபைல்ல கடைசிப் பக்கத்துலதான் இருக்கு, சத்தியமா."

"சருகு பதினேழுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கே."

"சருகா? இங்க செவ்வாய்க்கிழமைக்கா. நீங்க எந்த உலகத்துல இருந்து பேசுறீங்க?" அந்தப் பெண் சிரித்தாள். "போய் முதல்ல நல்லா தூங்குங்க."

அக்கா என்ற சொல் காதில் முள்ளாக நின்றது. பிறந்ததிலிருந்து அது அவள் மற்றொருத்தியைக் கூப்பிட வைத்திருந்த சொல். இப்போது கூப்பிட ஆளில்லாமல் அவள் மேலேயே வந்து விழுகிறது.

அவளுடைய அக்கா பேருந்தில் ஆறு நிறுத்தம் தள்ளி ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். பென்சிலைக் கடிக்கும் தங்கைக்கு எலி என்று பெயர் வைத்தவள். போன வருடம் இந்தக் காலண்டரை வரைந்துகொண்டிருந்த நாட்களில் தினமும் போன் வரும். எலி, எப்ப வர? நாளைக்கு வரேன்க்கா. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். இருவருக்கும் அது ஒரு விளையாட்டுப்போல ஆகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

கடைசிப் போன் ஒரு பிற்பகல் நான்கு மணிக்கு வந்தது.

"எலி, கீழ விழுந்துட்டேன்டி."

"அச்சச்சோ. அடி கிடி பட்டுச்சா?"

"பெருசா இல்ல. நீ வந்தா கொஞ்சம் நல்லா இருக்கும்."

"சருகு மாசம் பாதியில நிக்குதுக்கா, இப்பதான் பதினேழு கட்டம் முடிச்சேன், கை நல்லா ஓடுது. நாளைக்குக் கண்டிப்பா வரேன்."

"சரிடி. நாளைக்குன்னா நாளைக்குத்தான், ஆமா."

எழுந்துவிட்டாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் போக வேண்டியிருக்கும். பென்சிலைச் சீவிக்கொண்டு பதினெட்டாம் கட்டத்துக்குக் கோடு போட்டாள். மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மாடிவீட்டுக்காரர் கதவை உடைத்தார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, எழுந்து நின்றிருக்கவே முடியாது, இரண்டு நாளாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். "உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அவ" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பண்ணவே இல்லண்ணா" என்றாள். அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டுத்தான் அங்கே போயிருந்தாள்.

அதற்கப்புறம்தான் மிஞ்சிய நாளுக்கு நாளை என்று பெயர் வைத்தாள். புத்தகத்தின் பின்னிணைப்புக்காக விதியும் எழுதினாள்: இந்த நாளுக்குக் கிழமை இல்லை. யாரிடமாவது நாளைக்கு வருகிறேன் என்று சொன்னவர்கள் இன்று போக வேண்டும். போகாதவர்களின் வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் வருவார்கள். எழுத்தாளர் மகிழ்ந்துபோனார். "யாரையோ நல்லா காக்க வச்சிருக்கீங்க போல! இல்லன்னா இப்படி வராது மேடம்." அவளும் சிரித்தாள். அந்தப் பாராட்டு தனக்குப் பிடித்திருந்தது என்பதை அவளால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரித்து அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டினாள். நாலு ஓரமும் அழுத்தித் தேய்த்தாள். பிறகு பதினேழை அடித்தாள்.

மறுநாள் வெளிச்சம் வந்தது, காலை வரவில்லை. எதிர்வீட்டில் பாத்திரம் உருளவில்லை, தெருவில் ஒரு ஹாரன் இல்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர்கூடச் சத்தமில்லாமல் இறங்கியது. ஜன்னல் வழியே பார்த்தபோது சாலை நெடுக யாரும் இல்லை; நிழல்களும் இல்லை; வானம் கழுவிக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரத்தின் உட்புறம்போல ஒரே சாம்பலாக இருந்தது. போனில் மணி இருந்த இடமும் தேதி இருந்த இடமும் காலி. வீட்டுக்குள் ஒரு வாடை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. பூட்டிய அறையில் ஈரத்துணி நாட்கணக்கில் கிடந்து காய்ந்த வாடை. எங்கே முகர்ந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒட்டிய வெள்ளைத் தாள் தரையில் கிடந்தது. கட்டம் திறந்திருந்தது.

போகலாம், என்று நினைத்தாள். விதியை எழுதியவள் அவள்தான். அதில் வழியும் இருந்தது. ஆறு நிறுத்தம். பேருந்து ஓடாவிட்டாலும் நடந்தால் ஒரு மணி நேரம். அந்த வீட்டுக் கதவைத் தள்ளி, தரையில் உட்கார்ந்து, வந்துட்டேன்க்கா என்று சொல்லிவிட்டால் போதும். புடவை மாற்றினாள். சாவியை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று கழற்றினாள். டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரைத் துடைத்தாள். வெயில் தாழட்டும் என்றாள், வெயிலே இல்லாத நாளில். மேசையில் பாதி வரைந்த படம் ஒன்று இருந்தது, அதற்கு ஒரு கோடு போட்டாள். இன்னொரு கோடு. கை நல்லா ஓடியது.

நிமிர்ந்தபோது வெளிச்சம் மாறியிருந்தது. பிற்பகல் நான்கு மணியின் வெளிச்சம்.

கீழே வாசற்படியில் ஏதோ சத்தம்.

உள்ளங்கை தரையில் அறையும் சத்தம். அதைத் தொடர்ந்து கனமான ஒன்று இழுபடும் சத்தம். பிறகு நிற்கும். மூச்சு வாங்கும். மறுபடி உள்ளங்கை.

ஒரு படி.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அது உருண்டது. பிடிக்கவில்லை.

இன்னொரு படி. முதல் மாடி. திருப்பம். மூச்சு.

இப்போதுகூட எழுந்து ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கலாம். அவள் எழவில்லை. இரண்டாம் மாடி. இழுபடும் சத்தம் நின்றது.

தட்டும் சத்தம்.

கதவின் நடுவில் அல்ல. கீழே. கணுக்கால் உயரத்தில்.

எழுந்து போய்க் கதவுக் கண்ணாடித் துளையில் பார்த்தாள். மாடிப்படி. எதிர்ச்சுவர். யாரும் இல்லை. இருக்க மாட்டார்கள். நிற்க முடியாதவர்கள் அதில் தெரிய மாட்டார்கள்.

"எலி."

குரல் தரையோடு வந்தது.

"நீ வருவ வருவன்னு பார்த்தேன்டி. சரி, நானே வந்துட்டேன். கதவத் திற."

ஒரு தாழ்ப்பாள்தான். விரலை அதில் வைத்தாள். சொல்ல வேண்டியது என்னவென்று தெரியும். ஒரு வருடமாகத் தெரியும். மன்னிச்சிடுக்கா. போன் பண்ணினதை மறைச்சிட்டேன்க்கா. வாயைத் திறந்தாள். பழகிய நாக்கு வேறொன்றைச் சொன்னது.

"கொஞ்சம் வேலை இருக்குக்கா. நாளைக்கு."



திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பதினெட்டு இல்லை. பத்தொன்பது இல்லை. அடுத்த மாதத்தின் ஒன்று இல்லை. மிச்சமிருந்த எல்லாக் கட்டங்களிலும் ஒரே சொல்.

"சரிடி." குரலில் கோபமே இல்லை. அந்தப் பழைய பொறுமை. "நீ முடிச்சிட்டு வா. அவசரமில்ல. நான் இங்கயே படுத்துக்கறேன்."

புடவை உரசியது. எலும்பு ஒன்று மெல்ல நொறுங்கி இடம் மாறியது. கதவின் அடியில் இருந்த வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறைய ஆரம்பித்தது. கால். இடுப்பு. தோள். மறுமுனையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் மிஞ்சியது.

பிறகு அங்கேயும் ஒரு கன்னம் வந்து தரையில் சாய்ந்தது. ஈரமான ஒரு கண் உள்ளே பார்த்தது. இமைக்கவில்லை.