தலைவரின் சிரட்டை

நாஞ்சில் நாட்டுப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: ஆயுள் முழுக்கக் கோயில் கமிட்டித் தலைவராக வீற்றிருந்த கோலப்பன் அவர்கள், காலமாகிவிட்ட ஒரே காரணத்தால் பதவி விலகிவிட்டார் என்று யாரும் தவறாக எண்ணிவிட வேண்டாம்.

இது முதலில் தெரியவந்தது மருமகள் அஸ்வதிக்கு.

மாமனாரின் காரியங்களுக்காக அவளும் கணவன் முருகதாஸும் நாகர்கோவிலிலிருந்து அவருடைய பழைய வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். கூடவே பப்பன். முழங்கை நீளத்துக்கு வால் கொண்ட, நீலமும் மஞ்சளுமான மக்காவ் கிளி. உயிரோடிருந்தவரை தலைவர் அதை வாசல்படி ஏற விட்டதில்லை, கண்ணால் பார்த்ததுமில்லை. அவர் நுழைந்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். கிளி நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்பது அவருக்குப் பிடிபடாது என்ற பயமோ என்னவோ.

பதினாறாம் நாள்தான் கோளாறு நடந்தது. காக்கைக்கு வைத்த சோற்றுருண்டை மழையில் ஊறியது, காக்கை வரவில்லை. காக்கை தின்னாமல் பந்தி கிடையாது. பசித்த சொந்தக்காரர்கள் கூடி ஆலோசித்தார்கள்.

"பறவைதானலே வேணும்? கிளியும் பறவைதானே" என்று ஒரு பெரியவர் தீர்ப்பு சொன்னார். முருகதாஸ் பப்பனை ஏந்திக்கொண்டுபோய் இலைமேல் விட்டான். உருண்டையும் வடையும் காலி. பாயசம்வரை எல்லோருக்கும் திருப்தி.

அதன்பிறகு பப்பன் எதையும் தின்னவில்லை.

நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. சிரட்டை விளையாட்டுக்கும் வரவில்லை. மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றுக்கடியில் முந்திரியின் அண்டிப்பருப்பை ஒளித்து அஸ்வதி சுற்றினால், சரியானதை அலகால் தட்டிவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டிக் கூத்தாடுகிற கிளி அது. இப்போது தலைவரின் சாய்வுநாற்காலியையே வெறித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் மூக்குப்பொடி வாடை. யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை.

ஒரு மத்தியானம் அது வாய் திறந்தது. அது ஒருநாளும் கேட்டிராத, ஆனால் ஊரே அறிந்த குரல்.

"எழும்புலே!"

முருகதாஸின் கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது. பழக்கதோஷத்தில் எழுந்தும் நின்றுவிட்டான்.

"அப்பாவாக்கும்" என்று கிசுகிசுத்தான். "காக்காக்கு உள்ளத இதுக்குக் கொடுத்தது தப்பாப் போச்சு. நாளைக்கு குலசேகரத்துல இருந்து அந்தக் கிளி யாவாரி ஷாஜன வரச்சொல்லுகேன். கூட்டோட கொண்டுபோட்டும்."

"தின்னாத கிளியக் கொடுத்தா அங்க போய்ச் செத்துப்போவும்."

"அதுக்கு? நீ அப்பாகிட்ட சண்டைக்குப் போவியா?"

"உயிரோட இருக்கும்போ நீங்க போவல்ல. இனி நான்தான் போவணும்."

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. அஸ்வதி நேராகப் போய்த் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரைத் தவிர யாரும் உட்கார்ந்திராத நாற்காலி. கைப்பிடியில் பப்பன். முன்னால் முக்காலியில் சிரட்டைகள்.

முதுகில் நாற்காலிப் பிரம்பு சில்லிட்டது.

பொடி வாடை காதோரம் வந்தது.

"எழும்புட்டீ."

கிளியின் அலகு அசையவில்லை.

அவளுடைய இடது மணிக்கட்டின்மேல் கனமாக ஏதோ அமர்ந்தது. விரல்கள். அவற்றில் மோதிரம் மட்டும் தனியாகக் குளிர்ந்தது.

"எழும்ப மாட்டேன், மாமா." அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. "நிக்கணும்னா நீங்க நில்லுங்க. இல்லேன்னா விளையாட வாங்க." வலது கையால் சிரட்டைகளைச் சுற்றி நிறுத்தினாள். "பருப்பு எதுக்க அடியில இருக்கு, சொல்லுங்க பாப்போம். பெரிய தலைவருல்லா?"

மணிக்கட்டு லேசானது.

ஓரத்துச் சிரட்டை மெல்ல எழும்பி, அந்தரத்தில் நின்றது.

அடியில் ஒன்றுமில்லை.

பப்பன் தலையைச் சாய்த்து அந்த வெற்றிடத்தைப் பார்த்தது. பிறகு கெக்கெக்கே என்று சிரித்தது, தன் சொந்தக் குரலில். நடுச் சிரட்டையைத் தட்டிவிட்டு, பருப்பை எடுத்துக் கடித்துத் தின்றது.

மறுநாள் ஷாஜன் வெறுங்கையோடு திரும்பினான்.

பொடி வாடை இன்னும் போகவில்லை. அஸ்வதி அந்த நாற்காலியில்தான் உட்காருகிறாள். அந்தியில் சிரட்டைகளைச் சுற்றி வைத்ததும், பப்பனுக்கு முந்திக்கொண்டு ஒன்று தானாக எழும்புகிறது.

இதுவரை தலைவருக்கு ஒரு பருப்புகூடக் கிடைக்கவில்லை.