ஜான் மாமாவுக்குக் கைதட்டல்

"ஏங்க... பார்த்து வர மாட்டீங்களா?"

கோபமாகத் திரும்பினாள் ஆஷா. எதிரே, முழுக்க நனைந்த ஓர் இளைஞன்... இமைகளில்கூட மழைத்துளிகள். அந்தத் துளிகளுக்குப் பின்னால் சிரிக்கும் இரண்டு கண்கள்.

"சாரிங்க. மழ தொரத்திகினு வந்துச்சு. நா இன்னா பண்றது?"

மயிலாப்பூர்க் கடற்கரைப் பக்கம் இருந்த மாதா கோவிலின் அலுவலக வாசல் அது. அடையாற்றில் வங்கி வேலை பார்க்கும் ஆஷா, சனிக்கிழமை தோறும் இங்கே வந்துவிடுவாள். மறுநாள் பூசையில் யார் யாருக்காக வேண்ட வேண்டும் என்ற கருத்துகளை எழுதி வைப்பதும், பூசையில் அவற்றைப் படிப்பதும் அவள் விரும்பி ஏற்ற ஊழியம்.

"நாளைக்கிப் பூசையில ஒரு பேரு படிக்கணும்."

"அஞ்சு மணியோட முடிஞ்சுது. இப்ப அஞ்சே கால்."

"மாதா கடியாரம் பாக்குமா இன்னா?"

"நான் பார்ப்பேன். சரி, குடுங்க."

நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளை நீட்டினான். படகு எஞ்சின் பழுது பார்ப்பவனாம், பெயர் மிக்கேல். தாளின் ஓரமெல்லாம் கறுப்பு எண்ணெய்... அதோடு மீன் வாடையும். ஆஷா அதை இரண்டு விரல் நுனியால் பிடித்தாள். பெரிய எழுத்தில், 'ஜான் சவரிமுத்து, வயது 21'. பிறந்தநாள் போலிருக்கிறது! பிறந்தநாள் பட்டியலில் எழுதிக்கொண்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது... 'அதனால் எனக்கென்ன?' என்று நினைத்தவள், பேருந்தில் போகும்போது ஏனோ அந்த இமைகளையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பூசையின் முடிவில் மைக் முன் நின்று படித்தாள். "இன்று இருபத்தோராவது பிறந்தநாள் காணும் ஜான் சவரிமுத்து... முன்னே வரவும்."

கோவில் முழுக்கக் கைதட்டியது. பிள்ளைகள் வாழ்த்துப் பாட்டே தொடங்கிவிட்டார்கள். யாரும் வரவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் எழுந்தாள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கஞ்சி போட்ட புடவை. நெஞ்சோடு அணைத்த பழைய புகைப்படம்... விமானப்படைச் சீருடையில், மீசை சரியாக அரும்பாத ஒரு முகம்.

"ஏன் பாடுறீங்கோ? எங்கண்ணன் செத்து அம்பது வருசத்துக்கு மேல ஆவுதே... அவன் ஆத்துமாவுக்குன்னுதானே பூச கேட்டேன்?"

கைதட்டல் துண்டு துண்டாக நின்றது. ஆஷா, பட்டியலோடு செருகி வைத்திருந்த அந்த நாள்காட்டித் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் அதே தெளிவான கையெழுத்து: '1971 போரின்போது பயிற்சி விமானம் விழுந்து இறந்தவர். ஆன்ம இளைப்பாற்றிக்காக.'

மைக் முன்னால்தான் இருந்தது. தவறு என்னுடையது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நாக்கு எழவில்லை.

அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்த மகன் மிக்கேல் எழுந்தான். ஆஷாவைப் பார்த்தான்... அவள் கையில் இருந்த தாளையும் பார்த்தான்.

"எம்மேலதாம்மா தப்பு. நான்தான் ஒழுங்கா எழுதல."

ஆஷா அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை கோவில் உபதேசியார் சொன்னார், மிக்கேலின் அம்மா தேசம்மா மகனோடு பேச்சையே நிறுத்திவிட்டாளாம். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மறுநாள் காலை தேசம்மாவின் மீன் கடைக்கே போனாள்.

"இன்னா பாப்பா வேணும்? வஞ்சிரம் கீது, சங்கரா கீது."

"மீன் வேணாம்மா... அன்னைக்கு மைக்ல படிச்சது நான்தான்."

தேசம்மாவின் கத்தி நின்றது.

"உங்க பையன் சரியாத்தான் எழுதியிருந்தார். நான்தான் பின்பக்கம் திருப்பிப் பார்க்கல."

"ஏன் பாக்கல?"

எளிய கேள்வி. அவசரம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் உதடுவரை வந்துவிட்டது...

"தாள்ல எண்ணெய்க் கறை... மீன் வாடை. தொட அசிங்கமா இருந்துச்சும்மா."

"பாத்தியா இவ வாய!" என்றாள் அடுத்த கடைக்காரி. "துன்னும்போது மட்டும் நாறாதா?"

ஆஷா தலை நிமிரவில்லை. கண்ணீர், மீன் செதில் ஒட்டிய தரையில் விழுந்தது.

"கட்டுமரம் தள்ற வூட்லேர்ந்து ஏரோப்ளேன் ஓட்டப் போனவன் எங்கண்ணன்," என்றாள் தேசம்மா மெதுவாக. "எனுக்கு அப்ப பதினோரு வயசு. சண்டையில செத்திருந்தா நாலு பேரு பேசுவாங்க. இவன் கத்துக்கும்போதே வுழுந்துட்டான்... வருசத்துக்கு ஒருவாட்டி கோயில்ல அந்தப் பேர படிக்கிறாங்களே, அது ஒண்ணுதான் அவனுக்கு."

தேசம்மா காலால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

"குந்து. எவ்ளோ நேரம் வெயில்ல நிப்ப?"

ஆண்டவரின் மன்னிப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது... பெரிய சொற்கள் எதுவுமில்லாமல், ஒரு பழைய நீல ஸ்டூலாக.

அடுத்த ஞாயிறு, ஆஷா மைக் முன் நின்றாள். "பயிற்சி விமானம் விழுந்து இறந்த ஜான் சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக... போன வாரம் இதைத் தவறாகப் படித்தவள் நான். எழுதியவர் மேல் எந்தத் தவறும் இல்லை."

தேசம்மாவின் கை மகனின் தோள்மேல் போய் அமர்ந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது மணலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மிக்கேல் தனியாக நின்றிருந்தான்.

"அன்னைக்கு என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே?"

அவன் கடலையே பார்த்தான்.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு அப்படி நடந்துக்கிட்டு, இன்னைக்கு இதைச் சொல்ல வெட்கமா இருக்கு."

"இன்னாங்க இது... ஒரே நாள்ல ரெண்டு பாவமன்னிப்பா?" சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அப்ப என்னுதயும் கேட்டுக்க. நல்ல மனசால ஒண்ணும் நா பழி ஏத்துக்கல. இவளக் காப்பாத்துனா நம்மளத் தேடிகினு வருவான்னு ஒரு நப்பாச... எங்கம்மா அழுதுகினு நிக்கும்போது எனுக்கு அந்த நெனப்பு. ஒரு வாரமா அவங்க மொகத்த நிமிந்து பாக்க முடில."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"தைரியம் வரல."

ஆஷா அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வாங்க... சேர்ந்தே போய்ச் சொல்லலாம். உங்க தப்பையும், நம்ம விஷயத்தையும்... ரெண்டையும்."