கண்டோலாவின் முதல் காகிதம்

டக் டக்.

யாரோ விரலால் மேசையைத் தட்டிய சத்தம். மார்லிஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நீதிமன்றத்தின் நிலவறையில் அவளையும் இரும்பு அலமாரிகளையும் தவிர யாருமில்லை.

"டுவேன்?"

குமாஸ்தா டுவேன் பழைய குடியுரிமைக் காகிதங்கள் இருந்த பெட்டியை அவள்முன் வைத்துவிட்டு அப்போதுதான் படியேறிப் போயிருந்தான். "ஃபின்லாந்துக்காரங்க இருக்கீங்களே, பேரை மாத்தி மாத்தியே என் உயிரை வாங்குறீங்க! தேடிக்கிட்டிருங்க, காபியோட வரேன்."

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். வைக்கப்போவது மார்லிஸின் தாத்தா பெயர்: ஏய்னோ கண்டோலா. அவர் அமெரிக்கக் குடிமகனான காகிதத்தின் நகலைச் சட்டமிட்டுத் தொட்டிலுக்குமேல் மாட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மருமகள் கிர்ஸ்டன் குழந்தையோடு மேலே காத்திருந்தாள்.

வெந்நீர்க் குழாய்கள் பெருமூச்சு விட, பழங்காகித நெடியோடு ஏதோ ஈர மண்வாசனையும் கலந்து வர, மார்லிஸ் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கிடைத்துவிட்டது! குடியுரிமைச் சான்றிதழின் நகல். 'உடல் அடையாளம்: எதுவுமில்லை.' சரிதான். தாத்தாவின் பத்து விரல்களும் அக்கார்டியனில் ஓடுவதைச் சிறுவயதில் பார்த்தவள் அவள்.

அதன் அடியில் முதல் காகிதம். சான்றிதழுக்குச் சில ஆண்டுகளுக்குமுன், குடிமகனாக விரும்புவதாக எழுதிக்கொடுத்தது. அதே பெயர், அதே ஊர், அதே கப்பல். கையெழுத்து மட்டும் வேறு.

'உடல் அடையாளம்: இடக்கையில் இரண்டே விரல்கள்.'

டக் டக்.

இப்போது அலமாரிக்குப் பின்னால்.

மண்வாசனை நெருங்கியது. தாத்தா வேலைபார்த்த இரும்புச் சுரங்கத்தின் சிவப்பு மண். சுரங்கம் சரிந்த அன்று உள்ளே போன இருவரில் தாத்தா மட்டுமே மீண்டார். மற்றவனைத் தோண்டி எடுக்கவே இல்லை. அவன் பெயரைத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை.

சொன்னதில்லையா? வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைத்தானே தன் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்!

டக் டக்.

படிக்கட்டின் கைப்பிடியில்.

டக் டக்.

இன்னும் மேலே.

மார்லிஸ் ஓடினாள். கால் தடுக்கியது. விளக்கு அணைந்தது. இருட்டு. கைப்பிடியைத் தடவினாள். ஈரம். சேறு.

கைப்பையில் போன் அலறியது. கிர்ஸ்டன்.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடு!"

"என்ன அத்தை, மூச்சு வாங்குது? கீழேயிருந்து ஒருத்தர் வந்தாரே, நம்ம சொந்தக்காரரா? பூட்ஸெல்லாம் சிவப்பு மண்ணு. குழந்தை பேரைக் கேட்டார், சொன்னேன். 'அது என் பேராச்சே'ன்னு சிரிச்சுக்கிட்டே குழந்தையை வாங்கிக்கிட்டார். பாவம், ஒரு கையில ரெண்டே விரல்தான்... ஆனா என்னமா இறுக்கிப் பிடிச்சிருக்கார் தெரியுமா, நான் கேட்டாக்கூட விட மாட்டேங்கிறார்!"